உள்சண்டை அண்ணையின் வழக்கு

பல்வலி வந்தால்கூட அது வெளிச்சண்டையா உள்சண்டையா என்று விசாரித்த பிறகே மாத்திரை போட்ட மனிதர் இந்த இலண்டனில் ஒருவர்தான். உள்சண்டை அண்ணை என்போம். சொந்தப் பெயர் லோயருக்கு மட்டும் தேவைப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், நோர்பரியில் ஒரு வீடு. ஈரம் ஊறிய சுவர்கள். பகல் ஷிப்ட்காரன் எழும்ப, இரவு ஷிப்ட்காரன் அதே சூட்டில் படுக்கும் கட்டில்கள். அகதி வழக்கு எல்லாருக்கும் இருந்தது. கோட் ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன முதலாமவன் வென்றுவிட்டான். அன்றிலிருந்து யாருக்கு வழக்கென்றாலும் அந்தச் சாம்பல் கோட்டுத்தான். தோய்க்கவும் விடமாட்டோம். ராசி கழுவுப்பட்டுப் போய்விடுமாம்.

அண்ணையின் மாலை ஆங்கில வகுப்பில் ஒரு பழைய நாவல் பாடம். அடிமைப் பெண் ஒருத்தி பண்ணையிலிருந்து தப்பி ஓடுகிறாள். பின்னால் நாய்கள், துப்பாக்கிகள். அது வெளிச்சண்டை என்றாராம் ரீச்சர். விட்டுவந்த தங்கச்சியை நினைத்து அவள் கால் பின்னுகிறதே, அது உள்சண்டை. அவ்வளவுதான். அண்ணைக்கு உலகம் இரண்டாய்ப் பிளந்துவிட்டது.

வீட்டுக்காரன் ஹீட்டரை நிறுத்தினால், "வெளிச்சண்டை, தாங்கலாம்" என்பார். சட்டியில் கடைசி இறைச்சித் துண்டைப் பார்த்தபடி நான் தயங்கி நின்றால், "தம்பி, உனக்குள்ளை பெரிய போர் நடக்குது. நீ அதை முடிக்குமட்டும்..." என்று துண்டைத் தன் வாயில் போட்டுக்கொள்வார்.

ஆனால் நாவலில் அந்தப் பெண் ஆற்றங்கரைக்கு வந்த பக்கத்தோடு அவர் நின்றுவிட்டார்.

"அண்ணை, அவள் ஆத்தைக் கடந்திடுவாள். மிச்சத்தை வாசியுங்கோ."

"கடப்பாளடா. கடந்தாப் பிறகு என்னெண்டு நித்திரை கொள்ளுவாள்?"

ஊரில் ஆமி அண்ணையை ஒருதரம் முகாமுக்குக் கொண்டுபோய் அடித்து விட்டிருந்தது. மறுபடி துப்பாக்கிகளோடு வீட்டுக்குள் புகுந்தபோது அண்ணை பின்வேலியால் பாய்ந்தவர். அவருடைய தம்பி முன்வாசலில் நின்றான். பிறகு அவனைக் கண்டவர் எவருமில்லை. இதை ஒரேயொரு தரம், சட்டைக்கு அயன் பிடித்துக்கொண்டு, சட்டையைப் பார்த்தே சொன்னார்.

வழக்கு நாள் வந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெடிய மனிதர், கை நீட்டினால் கோட்டுக்குள்ளிருந்து முழங்கை எட்டிப் பார்த்தது. "ஆமி பிடிச்சு அடிச்சதை மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டுக்கும் வாய் திறவாதேங்கோ" என்று லோயர் படித்துப் படித்துச் சொன்னார்.

துணைக்குப் போன நான் பின்வரிசையில் இருந்தேன். முகாம், முதுகுத் தழும்பு, எல்லாவற்றையும் அண்ணை ஒழுங்காகச் சொன்னார். முடிவில் நீதிபதி, இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மரியாதைக்குக் கேட்டார்.

"ஓம் ஐயா. உள்சண்டையும் ஒண்டு இருக்கு."

லோயர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அனுப்பினால் என்னைக் கொல்லுவாங்கள். எனக்குச் சாகப் பயம். ஆனால் இஞ்சை இருந்தால், தம்பி வரேக்கை கதவு திறக்க ஆளில்லை. நீங்களே சொல்லுங்கோ ஐயா, நான் என்ன செய்ய?"

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்கினார். நீதிபதி பேனாவை மூடி வைத்தார்.

ரயிலில் நான் கத்தினேன். "வழக்கைக் கெடுத்துப்போட்டியளே அண்ணை!"

"அவர் கேட்டவரடா. இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை."

கிழமைகள் மழையாய் இழுபட்டன. பிறகு லோயர் போன் எடுத்தார். வென்றாயிற்று, அகதியாக ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஊர்ப்பக்கம் மட்டும் போகக்கூடாது என்றார். வீடு கூத்தாடியது, ஒருவன் உடுப்புத் தோய்க்கும் பேசினைக் கவிழ்த்து மேளம் அடித்தான். அண்ணை மாடிப்படியில் குந்திவிட்டார்.

"இனி அங்கை போகேலாதாம் என்ன?" என்றார். பிறகு அழுதார், சத்தமே இல்லாமல்.

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. போட்ட சப்பாத்தைக் கழற்றிவிட்டு, படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.