இடுப்பு இறங்கிய கார்

காரின் பின் சட்டத்தின்மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழ் மறுபடியும் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

"இடது பக்கம் இன்னும் இறங்கித்தாண்ணே கிடக்கு," என்றார் வெல்டர். தீப்பொறி பட்டுப் பட்டு அவருடைய சட்டையெல்லாம் சல்லடையாகிவிட்டதால் எல்லோருக்கும் அவர் ஓட்டைச்சட்டை.

சின்ன மாப்பிள்ளை குனிந்து குமிழைப் பார்த்தார். நிமிரத் தெம்பில்லை. பகலெல்லாம் ஊரார் ஃப்ரிட்ஜுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலமானால் இந்தக் காரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

மாமனார் வாலிபத்தில் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. வீட்டுக்குக் கீழே ஷெட்டில் பல வருஷமாகப் படுதாவுக்குள் கிடந்தது. மாடியில் குடியிருக்கும் மாமனார் போன மாசம் இறங்கி வந்து சொன்னார்:

"சேஸிஸ்ல இடது பின்பக்கம் இடுப்பு இறங்கிப்போச்சு மாப்பிள்ளை. இதே இடத்துல நானே மட்டம் வெச்சுப் பாத்தேன். பயந்துக்கிட்டு அதுக்கப்புறம் உங்க அத்தையைக்கூட இதுல ஏத்தல. வர்ற மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள பலப்படுத்தி ஓட்டிக் காட்டுங்க, வண்டி உங்களுக்கு. இல்லேன்னா பெரிய மாப்பிள்ளைக்கு."

பெரிய மாப்பிள்ளை கார் ஷோரூம் வைத்திருப்பவர். சின்னவரோ ஐஸ் உறையாத நாளில் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு ஞாபகம் வருபவர். கார்கூட அவருக்கு அப்புறம்தான். மாமனார் வாயால் ஒரு 'பரவாயில்லையே' கேட்டுவிட வேண்டும், அதுதான் ஏக்கம்.

"ஜாக்கி போட்டு இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றார் ஓட்டைச்சட்டையிடம்.

தூக்கினார்கள். குமிழ் நடுவுக்கு வந்தது. அது அசைவதற்குள் தடிமனான இரும்புப் பட்டை ஒன்றைச் சேஸிஸோடு சேர்த்துப் பற்றவைத்தார் ஓட்டைச்சட்டை. மாப்பிள்ளைக்கு முதல்முறையாக மூச்சு வந்தது.

டீ கொண்டுவந்த மனைவி காரைச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, கதவு மூடலியே?"

கூரையில்லாத கார். அடியில் முறுக்கினால் மேலே கோணிக்கொள்ளும். கதவுக்கு அடியில் ஒரு குழாயை முட்டுக்கொடுத்துப் பற்றவைத்தார்கள்.

"இப்ப மூடுதுண்ணே!"

மாப்பிள்ளை கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். "திறக்கலியேப்பா?"

"ஒவ்வொண்ணாக் கேளுங்க."

நடுவில் நட்டு காணாமல் போகிற தொல்லை வேறு. கீழே விழுந்தால் கண்ணில் படாது. தேடினால் எல்லாம் இடது பின்மூலையில், சாக்கடை ஓட்டை வாசலில் கூட்டமாகக் கிடக்கும்.

"எலி," என்றார் ஓட்டைச்சட்டை. "இரும்பு ருசி கண்ட எலி."

சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கினார்கள். மூன்று சக்கரம் தரையில் நின்றது. இடது பின்சக்கரம் ஒரு விரற்கடை உயரத்தில் சும்மா சுற்றியது.

"அண்ணி, அந்த மூலையில கொஞ்சம் உக்காருங்களேன்."

"நான் என்ன எடைக்கல்லா?" என்று முணுமுணுத்தபடி, கதவு திறக்காததால் பக்கவாட்டில் ஏறிக் குதித்து உட்கார்ந்தாள் மனைவி. சக்கரம் அசையவில்லை. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மணல் மூட்டை ஏற்றினார்கள். சக்கரம் தரையைத் தொட்டது. மூட்டை கனத்துக்குச் சேஸிஸ் முனகியது. முனகிய இடத்திலெல்லாம் இன்னும் இரும்பு வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. மாமனார் கையில் போனோடு இறங்கி வந்தார். முழங்கால் வலியோடு மாமியாரும் ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்தார்.

மாப்பிள்ளை ஏறிக் குதித்து எஞ்சினை முடுக்கினார். கார் உறுமியது, நடுங்கியது, புகைந்தது. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கிளட்ச் கருகிய நாற்றம் ஷெட்டை நிறைத்தது.

"இரும்பே ஒரு வண்டிப் பாரம் இருக்கும் போலிருக்கு," என்றார் மாமனார்.

"குமிழ் நடுவுல இருக்குதுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. ரசமட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "வேணும்னா பாருங்க."

"குமிழை வெச்சு ஊர்கோலமா போக முடியும்? பெரியவருக்குத்தான் வண்டின்னா என்னன்னு தெரியும். அவரையே வரச் சொல்றேன்." மாமனார் போனைக் காதில் வைத்தார்.

மாப்பிள்ளை காரைவிட்டு ஏறிக் குதித்து இறங்கியபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நட்டு நழுவி விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. காருக்கு அடியில் புகுந்து, சாவகாசமாக உருண்டு, இடது பின்மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைசிப் படியில் நின்ற மாமியார் அது போன வழியையே பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு புருஷனை.

"ஏங்க, கார் கழுவுற தண்ணி அந்த மூலைக்கு ஓடணும்னு நீங்கதானே கொத்தனார்கிட்ட நின்னு இந்தத் தரைக்கு வாட்டம் வெக்கச் சொன்னீங்க?"