பச்சைப் பொத்தானை வர்ணித்தவர்

‘நேற்றுக் கற்றவர்’ என்றொரு மனித இனம் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். அவர் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

கனடாவில், எங்கள் வின்னிபெக் நகரில் அவர் பெயர் ஒரெஸ்ட். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், கண் தெரியாதவர்களும் கை நடுங்குபவர்களும் தடுமாறாமல் பயன்படுத்தும்படி இணையதளம் எழுதக் கற்றுத்தரும் நூலக வகுப்பில் சேர்ந்தார். நல்ல காரியம்தானே? முதல் வகுப்பு முடியும்வரை நல்ல காரியம்தான்.

எழுத்தின் நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும், பார்க்க முடியாதவருக்குக் கணினி வாசித்துக் காட்டும்படி படத்துக்கு விவரணை வேண்டும் என்று அன்று சொல்லித்தந்தார்கள். மறுநாளே உணவகத்தில் பரிமாறும் பெண்ணிடம் உணவுப் பட்டியல் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

“வெள்ளையில சாம்பல் எழுத்தா? இதை யாரும்மா படிக்க முடியும்?”

“நீங்கதான் சார் இப்பப் படிச்சு பெரோகிக் கொழுக்கட்டை கேட்டீங்க.”

மனைவி டார்லா சாம்பல் ஸ்வெட்டரோடு சாம்பல் சோபாவில் உட்கார்ந்தாள். “எழுந்திரு, நீ இருக்கிறதே தெரியலை” என்றார். “முப்பது வருஷமா அப்படித்தானே!” என்றாள் அவள்.

இந்த வேகத்தில்தான் பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் எங்கள் கர்லிங் சங்கத்துக்கு ஒரு தளம் செய்தார். சனிக்கிழமைப் போட்டிக்கு வெள்ளி நண்பகலுக்குள் அதில் பதிய வேண்டும். லோர்னா எங்கள் அணித் தலைவி. பார்வை இல்லை, பனியில் கல் உரசும் சத்தத்தைக் கேட்டே அது எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவாள். வெள்ளியன்று பதினொன்றரைக்கு மடிக்கணினியைத் திறந்தாள். பின்னால் அணிக்காரர்கள் நாங்கள்; பக்கத்தில் ஒரெஸ்ட், பிரசவ அறை வாசலில் நிற்கும் கணவன் மாதிரி.

கணினி வாசித்தது: “படம். ஒரு கோடு. படம். முன்னதைவிடச் சற்றே மெல்லிய, அடக்கமான இன்னொரு கோடு. படம். மேப்பிள் இலை, இலையுதிர்காலத்தின் ஏக்கம் அதன் நரம்புகளில்...”

“ஏம்ப்பா, கோட்டுக்கெல்லாமா கதை எழுதினே?”

“எல்லாப் படத்துக்கும் எழுதணும்னாங்க.”

ஏழு இலைகள். ஏழுக்கும் ஏக்கம். கடைசியில்: “பச்சை நிறத்தில், வளைந்த முனைகளோடு, நம்பிக்கையூட்டும் ஒரு பொத்தான்.”

“சரி, அழுத்தினா என்னய்யா ஆகும்?”

“பதிவாகும்.”

“அதை மட்டும் எழுதலையே!”

அழுத்தினாள். “பதிவு முடிந்தது” என்றது தளம். அணி பதிந்துவிட்டது என்று நாங்கள் கைதட்டினோம். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது; முடிந்தது எங்கள் பதிவல்ல, பதிவுக்காலம்.

ஒரெஸ்ட் முகம் வெளுத்துவிட்டது. போட்டி நடத்தும் பெவர்லியைத் தொலைபேசியில் பிடித்து, “தப்பு என்னோடது. வேணும்னா என்னைச் சங்கத்தை விட்டே தூக்கிடுங்க, அவங்க விளையாடட்டும்” என்று கெஞ்சினார். மாலைவரை அவகாசம் கிடைத்தது. லோர்னா பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இலைகளின் ஏக்கத்தையெல்லாம் பெருமூச்சோடு அழித்தார். பொத்தான் இப்போது ‘அணியைப் பதிவு செய்’ என்றது. பதிந்தாள். சனிக்கிழமை ஜெயித்தும் காட்டினாள்.

திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? வெற்றி விருந்தில் லோர்னாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துப் போட்டு உட்கார்ந்து, “படத்தை ரொம்ப வர்ணிக்கக் கூடாதுங்க. கேக்கறவங்களுக்கு எவ்வளவு எரிச்சல், தெரியுமா?” என்று அவளுக்கே விளக்க ஆரம்பித்தார்.

“அப்படியா!” என்று சொல்லிக் பாட்டுக் கேட்கும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

பாவம், சிரிக்காதீர்கள். இதைப் படித்துவருகையில், இந்தப் பக்கத்தில் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம், ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதென்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.