தேநீர் அண்டாவில் விழுந்த உரை

நெதர் பிரிம்லி,
ஜூன் 11, புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா மியூரியலுக்கு, தம்பி ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. மூட்டுவலி ஒன்றைத் தவிர இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் ரூபர்ட் அத்தானும் அத்தானுடைய பித்தப்பையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதியோர் இல்லத்தில் என் வீட்டுக்காரி ஃபிலிஸ் நன்றாகச் சாப்பிடுகிறாள். போன சனிக்கிழமை என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சட்டையில முட்டை ஒட்டியிருக்கு, இப்படியா ஊருக்குள்ள சுத்துறே?" என்று திட்டினாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உன் பிறந்தநாளுக்கு நான் வராததைப் பற்றி நீ எழுதியிருந்த நான்கு பக்கங்களையும் படித்தேன். வர முடியாமல் போனது ஒரு விசாரணை வேலையால். கவுன்சிலர்கள் மீது வரும் நடத்தைப் புகார்களை விசாரிக்க, எதிலும் சம்பந்தப்படாத ஆள் வேண்டும் என்று மாவட்ட மன்றம் கேட்டிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவனை விட எதிலும் சம்பந்தப்படாதவன் யார் என்று நினைத்து நானும் விண்ணப்பம் போட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேரை நியமித்திருந்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் எங்கள் ஊர் மன்றத்தின் போக்குவரத்துக் குழு கூடியது. பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்குத் தரும் உதவித்தொகையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் தெருவெல்லாம் பூக்கூடை தொங்கவிடலாம், அழகான கிராமப் போட்டியில் பரிசு வாங்கலாம் என்று குழுத் தலைவர் கிளெமென்ட் ஃப்ரோபிஷர் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். நாற்பது நிமிஷம் வாசித்தார். இன்னும் பதினோரு தாள் பாக்கி இருந்தது. ஹெஸ்டர் லட்லம் என்ற கவுன்சிலர், எழுபத்துநாலு வயசு, கோழி வளர்க்கிறவள், மெதுவாக எழுந்து போய் அந்தப் பதினோரு தாளையும் அவர் கையிலிருந்து உருவி, மூலையில் கொதித்துக்கொண்டிருந்த தேநீர் அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். அதோடு, "கிளெமென்ட், நீ கடைசியா பஸ்ல ஏறினது எந்த வருஷம்?" என்றும் கேட்டாள். கூட்டம் கலைந்தது, வாக்கெடுப்பு தள்ளிப்போனது, மறுநாள் காலை புகார் போனது.

முதலில் விசாரிக்க வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஹெஸ்டர் வீட்டுக்குப் போனார், எலுமிச்சை கேக் ஒரு துண்டு சாப்பிட்டார். விசாரிக்கிறவர் விருந்து சாப்பிட்டார் என்று கிளெமென்ட் அவர்மேலேயே புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்கிறவர்மேல் புகார் வந்தால் விசாரணைக் கோப்பை இருபத்தெட்டு நாள் பூட்டி வைக்க வேண்டும், அப்புறம் வேறு ஆள். அடுத்து வந்தவர் மாட்டு டாக்டர். அவர் ஜாக்கிரதையாக ஹெஸ்டர் வீட்டில் ஒன்றும் தொடாமல், நேரே கிளெமென்ட் வீட்டுக்குப் போய் அவர் மனைவி ப்ரூடன்ஸ் சுட்ட பிஸ்கட்டில் ஆறு தின்றுவிட்டார். ஜன்னல் வழியாக எண்ணியவர்கள் இருக்கிறார்கள். மறுபடி இருபத்தெட்டு நாள். இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது அவமானம், கொடுத்ததைக் குடிக்காமல் எழுவது அதைவிட அவமானம். நடத்தை விதியை எழுதினவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை.

மூன்றாவதாக நான் போனபோது எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். ஹெஸ்டர் என்னைக் கேட்டிலேயே நிறுத்தினாள். "ஆம்ப்ரோஸ், அங்கேயே நில்லு. உள்ள வந்தா நாற்காலி போடணும், நாற்காலி போட்டா டீ குடுக்கணும், டீ குடுத்தா உன் வேலை போயிடும்." சரி என்று கேட்டுக்கு வெளியே நின்றே கேட்டேன், தாள் கை தவறி விழுந்ததா என்று. "வேணும்னேதான் போட்டேன். கை தவறிச்சுன்னு எழுதினே, உன்மேலயும் புகார் குடுப்பேன்." ஒரு மன்னிப்புக் கேட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று கெஞ்சினேன். "நாப்பது நிமிஷம் உக்காந்து கேட்டவ நான். மன்னிப்பு அவன் கேக்கட்டும்!" நம் ஊரில் ஒருத்தர் காலை மிதித்தால் மிதிபட்டவர்தானே மன்னிப்புக் கேட்கிறார், நானே போன வாரம் தபால் பெட்டியில் இடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன், இந்தப் பொம்பளைகிட்ட ஒண்ணே ஒண்ணு வாங்க முடியலை அக்கா.

கிளெமென்ட் வீட்டிலே அதுக்கு மேல. மேஜையில ஒரு தம்ளர் தண்ணிகூட இல்லை. எனக்கும் தரலை, தன்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு அவரும் குடிக்கலை, ரெண்டு பேரும் தொண்டை காஞ்சு உக்காந்திருக்கோம். அடுப்பங்கரையிலேர்ந்து இஞ்சி கேக் வாசனை ஆளைத் தூக்குது. ப்ரூடன்ஸ் தலையை நீட்டி, "பாவம், ஒரே ஒரு துண்டு..."ன்னு ஆரம்பிச்சா. "ப்ரூடன்ஸ்! விசாரணை நடக்குது!"ன்னு அவர் போட்ட சத்தத்துல நாய் எழுந்து வெளியே போயிடுச்சு. அப்புறம் என்கிட்ட சொல்றார், "பஸ் காலியா ஓடுது சார். நானே நின்னு எண்ணினேன். ஒரு நடைக்கு நாலே பேர்."

"அதுல ஒருத்தன் நான்தாங்க," என்றேன்.

"அப்போ மூணுன்னு வெச்சுக்குவோம். நீங்க நடுநிலையான ஆள், கணக்குல வர மாட்டீங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பார். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நான் கார் ஓட்டக்கூடாது. ஃபிலிஸ் இருக்கிற இடம் பதினோரு மைல். செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் நான் அந்தப் பதினாலாம் நம்பர்லதான் போறேன். குழுவில பஸ்ஸுக்கு நாலு ஓட்டு, பூக்கூடைக்கு மூணு. ஹெஸ்டர் குற்றவாளின்னு என் அறிக்கை சொன்னா அவளைக் குழுவிலேர்ந்து எடுத்துடுவாங்க, மூணுக்கு மூணு ஆகும், சமமானா தலைவர் சொன்னதுதான். தள்ளிப்போன வாக்கெடுப்பு வர்ற செவ்வாய்க்கிழமை. அறிக்கை திங்கட்கிழமை போகணும். பஸ் நின்னுட்டா நான் ஃபிலிஸ்கிட்ட எப்படிப் போவேன்? ஒரு வாரம் போகலைன்னாலே அவளுக்கு நான் யாரோ ஆயிடுவேன். எனக்குப் பயமா இருக்கு அக்கா.

மாவட்ட அதிகாரி வெரிட்டி கோபால்ட்கிட்ட, நான் அந்த பஸ்ல போறவன், எனக்கு இதுல சம்பந்தம் இருக்குன்னு சொன்னேன். "பஸ்ல யார் வேணும்னாலும் ஏறலாம் மிஸ்டர் டக்வெல், அது சம்பந்தம் ஆகாது"ன்னாங்க. விலகிக்கிறேன்னேன். "தாராளமா. உங்க குறிப்பை வெச்சு நானே எழுதிடுறேன், ஒரு மணி நேர வேலை"ன்னாங்க. பொய் எழுதவும் என்னால முடியாது. முப்பது பேர் பார்த்திருக்காங்க, செஞ்சவளே செஞ்சேன்னு சொல்றா.

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதி, ஹெஸ்டர் விதியை மீறினாள் என்று முடித்து, அறிக்கையை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். மனசு கனமாக இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் பேரக்குழந்தைகள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு, எந்தக் குழுவிலும் உறுப்பினராகாமல் நன்றாக வாழட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஆம்ப்ரோஸ் டக்வெல்

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் நான் எழுதியிருக்கக்கூடாது. விசாரணை பற்றி மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யார் எந்த வீட்டில் என்ன தின்றார் என்பது வரை பெயரோடு உனக்கு எழுதியிருப்பது மிகப் பெரிய நடத்தை மீறல். இதோடு ஒரு புகார்ப் படிவம் வைத்திருக்கிறேன். என் பெயர், விலாசம், குற்றம் எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். "எவ்வளவு கடுமையானது" என்ற கட்டத்தில் "மிகவும்" என்று போட்டிருக்கிறேன், நீ இரக்கப்பட்டு மாற்றாதே. கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் சாட்சியாக இணைத்து, சனிக்கிழமைக்குள் வெரிட்டி கையில் கிடைக்கிற மாதிரி முதல் வகுப்புத் தபாலில் அனுப்பு. என் அறிக்கையோடு சேர்த்துக் கோப்பு இருபத்தெட்டு நாள் பூட்டிக்கொள்ளும், செவ்வாய்க்கிழமை ஹெஸ்டர் ஓட்டுப் போடுவாள். அப்புறம் என்னை என்ன செய்தாலும் சரி.

கூடப்பிறந்தவன்மேல் புகார் கொடுக்க உனக்குக் கை வராது என்று தெரியும். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஏழாவது பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்த பீங்கான் பொம்மையைப் பூனை உடைக்கவில்லை. நான்தான் உடைத்தேன், துண்டுகளைப் பூனையின் கூடையில் போட்டதும் நான்தான். பேனா கையில் இருக்கிறதா? உடனே கையெழுத்துப் போடு.