மாமனார் எதிரில் மாமனாராக நடித்தேன்

பெண் கொடுக்கப் போகிறவரை ஓட்டலுக்கு அழைத்துப் போகலாம், கோயிலுக்கு அழைத்துப் போகலாம். நாடகத்துக்கு மட்டும் அழைத்துப் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அரசாங்க வேலை கிடைத்த புதிது. எல்லாம் எனக்கே தெரியும்.)

மன்னார்குடிப் பக்கத்து மிராசுதார் நமசிவாயத்தின் மகள் செண்பகத்தைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை. அவள் அப்பாவோ, "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் யோசிப்பதற்கு வேறு விஷயமும் இருந்தது. தை அறுவடை நேரம். கூலியைக் கூட்டித் தந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஊரில் விவசாயத் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அன்று அதே கதைதான். வரப்புக்கு வரப்பு கொடி. ஆட்சியே நாடக மேடையிலிருந்து வந்த காலமாதலால் எந்தச் சண்டையும் நல்ல வசனத்தோடு நடந்தது.

இந்த நிலையில் ஒரு நில வழக்கின் வாய்தாவுக்காக அவர், நான் வேலை பார்த்த தஞ்சாவூருக்கு வந்தார். கூடவே துணி எடுக்க மனைவியும் மகளும். விடுவேனா? பட்டுக்கரை வேட்டி, சில்க் ஜிப்பா, தோளில் அங்கவஸ்திரம் எல்லாம் அணிந்து, வாடகைக்கு எடுத்த ஜமீன் போலப் போய் நின்றேன்.

"சாயங்காலம் நம்ம செலவு மாமா. முதல்ல டிபன், அப்புறம் ஒரு நாடகம்."

"என்ன நாடகம்?"

"சாமி நாடகம்தான் மாமா. 'களத்துமேட்டு லட்சுமி.'"

(ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்த சுவரொட்டி. லட்சுமி என்றால் மகாலட்சுமிதானே?)

ஓட்டலில் மாமா ஒரு தனிக் கச்சேரியே நடத்தினார். எதைச் சொல்வதானாலும் முதலில் இரண்டு முறை கனைப்பார், மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார், அப்புறம்தான் பேச்சு. சர்வரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இது சாம்பாரா, வெண்ணாத்துல வந்த புதுத் தண்ணியா?" என்றார். பிறகு ஊர்க் கதைக்கு வந்தார்.

"கலம் நெல்லுக்கு அரை மரக்கால் கூலி கூடுதலா அளக்கணுமாம். கேட்டா குடுத்துடுவேனா? எங்கிட்டயேவா?"

"கதிரு சாஞ்சு கிடக்கு. ஒரு மழை பெஞ்சா அப்படியே முளைச்சிடும்" என்று மாமி முணுமுணுத்தார்.

"முளைக்கட்டும்!" என்றார் மாமா. ஆனால் அதற்குப் பிறகு ரவா தோசை அவருக்கு இறங்கவில்லை.

நாடகம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சின்ன மன்றத்தில். முன்னால் பாய், பின்னால் நாற்காலி. பாயில் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தைப் பார்த்து மாமா முகம் சுளித்தார். "நம்மூர் கோவிந்தன்ல அது? இவன் எங்க இங்க வந்தான்?" கோவிந்தன்தான் அவர் வயலில் அறுவடை ஆட்களுக்குத் தலைவர்.

திரை விலகியது. மகாலட்சுமி இல்லை. கையில் அரிவாளோடு லட்சுமி என்ற அறுவடைக்காரப் பெண். எதிரே முறுக்கு மீசையும் கைத்தடியுமாக ஒரு மிராசுதார். அவர் வாயைத் திறப்பதற்குள் பாயில் இருந்தவர்கள் ஊளையிட்டார்கள்.

மாமா என் பக்கம் மெல்லத் திரும்பினார். "தம்பி, சாமி எப்ப வரும்?"

"அடுத்த காட்சியில மாமா" என்று சொல்லிவிட்டு, காட்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். மிராசுதாரைக் கொஞ்சம் நல்லவராக மாற்றச் சொல்லிக் காலில் விழுவதுதான் திட்டம்.

அங்கே மிராசுதார் வேஷக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். மீசைக்குத் தடவிய கோந்து ஒத்துக்கொள்ளாமல் மேலுதடு பணியாரம் போல வீங்கியிருந்தது. பேச்சு வரவில்லை. தலையில் கைவைத்திருந்த டைரக்டர், என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"வாங்க வாங்க! மாத்து ஆளை டிரஸ்ஸோடயே அனுப்பிட்டாங்களா!"

"சார், நான் வந்து..."

"வசனம் ஒண்ணும் இல்ல. கூலி கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லணும். எது கேட்டாலும் முடியாது. அவ்வளவுதான்!"

நான் மறுப்பதற்குள் கையில் தடியும் மூக்குக்குக் கீழே பாதி ஒட்டிய மீசையும் வந்துவிட்டன. முதுகில் ஒரு தள்ளு. அவ்வளவுதான், மேடையில் நிற்கிறேன்.

எதிரே வெளிச்சம். வெளிச்சத்துக்கு அப்பால் மாமா. எனக்கு மூளை காலியாகிவிட்டது. நான் வாழ்க்கையில் பழகிய ஒரே மிராசுதார் அவர்தான். வாய் அதுபாட்டுக்கு வேலை செய்தது. இரண்டு முறை கனைத்தேன். மோதிரம் இல்லாத விரலைச் சுற்றினேன். லட்சுமி வைத்த கஞ்சிக் கலயத்தை எட்டிப் பார்த்து, "இது கஞ்சியா, வெண்ணாத்துல வந்த புதுத் தண்ணியா?" என்றேன்.

பாயில் கோவிந்தன் கூட்டம் புரண்டு புரண்டு சிரித்தது. "நம்ம ஐயாவேதான்டா!" என்று ஒரு குரல். மாமி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அரை மரக்கால் கூட அளப்பீங்களா, மாட்டீங்களா?" என்று லட்சுமி அரிவாளை ஓங்கினாள்.

"எங்கிட்டயேவா?" என்றேன். கொட்டகை அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து மாமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

முடியாது என்று சொல்ல வேண்டியவன், "குடுத்துடறேன்! கேட்டதைக் குடுத்துடறேன்! நீங்க உக்காருங்க மாமா!" என்று அலறிவிட்டேன்.

மன்றம் மொத்தமும் திரும்பி மாமாவைப் பார்த்தது.

லட்சுமி ஓங்கிய அரிவாளை மெல்லக் கீழே இறக்கினாள். பாவம், இன்னும் இரண்டு காட்சி போராடி, கடைசியில் குண்டடிபட்டுச் சாக வேண்டியவள். டைரக்டர் பக்கத் திரையிலிருந்து, "முடியாதுன்னு சொல்லுய்யா!" என்று பல்லைக் கடித்தார்.

கோவிந்தன் எழுந்தார். துண்டு தோளிலேயே இருந்தது, இடுப்புக்கு இறங்கவில்லை. "ஐயா, மாப்பிள்ளை எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. ஐயா சொன்ன மாதிரிதான் நாங்க எடுத்துக்கிறோம். விடிஞ்சா அறுப்புக்கு வந்துடறோம்."

"அவன் இன்னும் எனக்கு மாப்பிள்ளை ஆகலைடா!" என்று மாமா கர்ஜித்தார்.

"ஆயிட்டாருப்பா" என்றது ஒரு குரல்.

செண்பகம். எழுந்து நின்று, முதல் தடவையாக நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரியாக ஒட்டாத என் மீசை அப்போதுதான் கீழே விழுந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாமா கூட்டத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கனைத்தார்.

"சரி. அரை மரக்கால். ஆனா ஒண்ணு, நான் இவ்வளவு சத்தமாவா கனைக்கிறேன்?"

"ஆமாங்க!" என்றது பாய் முழுவதும். மாமாவே சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அறுப்பு தொடங்கியது. கடைசிக் கட்டு களத்துக்கு வந்து இரண்டு நாளில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. பக்கத்து ஊர்களில் கதிர் வயலிலேயே முளைத்தது. "அவருக்கும் குடுத்துடணும்னுதான் மாப்ளே இருந்துச்சு. எப்படி இறங்கி வர்றதுன்னுதான் தெரியல" என்று மாமி பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த வருஷம் மற்ற மிராசுதார்களும் அதே அளவுக்கு வந்தார்கள், மாமாவைத் திட்டிக்கொண்டே. அந்தக் கூடுதல் கூலிக்கு ஊரில் 'மாப்பிள்ளை மரக்கால்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே இன்றும் என் பெயர் பலருக்குத் தெரியாது. 'அரை மரக்கால் மாப்பிள்ளை' என்றால் வீட்டைக் காட்டுவார்கள்.

மாமா கடைசிவரை, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்துவைத்தார்.

"இவருதான் என் வேஷம் போட்டவரு. கொஞ்சம் ஓவரா நல்லவனா நடிச்சுட்டாரு. அப்புறம் நானும் அதையே நடிக்க வேண்டியதாப் போச்சு."