சுகம் விசாரிக்க வந்தவர்

நம்மிடையே ஓர் இனத்தார் இருக்கிறார்கள். பார்த்தால் உங்களையும் என்னையும் போலத்தான் தெரிவார்கள்: தோய்த்து மினுக்கிய சேட்டு, கையில் ஒரு சொப்பிங் பை, பைக்குள் ஒரு பிஸ்கற் பெட்டி. முன்னறிவித்தல் எதுவும் இராது. திடீரென்று உங்கள் வீட்டுப் படலை திறக்கும். நாய் குரைத்தாலும் நிற்கமாட்டார்கள். "என்ன, ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டபடி உள்ளே வந்து, உங்கள் முழங்கால் நோவையும், கனடாவில் இருக்கும் மூத்தவனுக்குப் பிடித்த தடிமனையும், வளவில் நிற்கும் மாமரம் இந்த முறை காய்த்ததா இல்லையா என்பதையும் ஒரே மூச்சில் விசாரித்து முடிப்பார்கள். பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்தவர்போல, "ஒருக்காப் பின்பக்கம் போட்டு வாறன்" என்பார்கள்.

திரும்பி வரும்போது முகத்தைப் பாருங்கள். போனவர் வேறு, வந்தவர் வேறு.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘சுகம் விசாரிப்பவர்’. சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று வந்திருக்கிறார் என நீங்கள் உருகுவீர்கள். அவரோ ஒரு பயணி. பஸ்ஸில் வந்தவர், இன்னும் பஸ்ஸில் போகவேண்டியவர். அவருடைய அவசரம் அன்பைவிடப் பெரியது.

உதாரணத்துக்கு ஒருவரைக் காட்டாமல் விட்டால் நம்பமாட்டீர்கள். தெல்லிப்பழைச் சிவசுப்பிரமணியத்தாரை எடுத்துக்கொள்வோம். பென்சன்காரர். கொஞ்சம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மகள் கொடிகாமத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் குடாநாட்டின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு அடிக்கடி போய்வருகிறவர். ஊரில் அவருக்கு எவ்வளவு நல்ல பெயர் தெரியுமா? "இந்தக் காலத்திலை ஆர் சொந்தபந்தம் பாக்கினம்? சிவசுப்பிரமணியத்தார் ஒரு வழியாலை போனாலும் நாலு வீடு ஏறி இறங்காமல் போகார்" என்று செத்தவீடுகளில் அவரை முன்னால் வைத்துக்கொண்டே புகழ்வார்கள். அவரும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

மற்றவர்கள் சொந்தத்தை இரத்தத்தால் அளப்பார்கள். அவர் அளப்பது தெருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதால். கொக்குவில் மாமி என்று அவர் வாய்நிறையச் சொல்லும் அந்த அம்மாள் அவருக்கு மாமியே இல்லை. பெரியப்பாவுடைய சம்பந்தியின் ஒன்றுவிட்ட தமக்கை. ஆனால் வீடு பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. கக்கூஸ் வீட்டுக்குப் புறம்பாக, படலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில். இதைவிட நெருங்கிய சொந்தம் இருக்க முடியுமா? கூடப்பிறந்த தமையன் ஒருவர் மானிப்பாயில் இருக்கிறார். பாவம், அது இவருடைய பஸ் போகிற தெரு அல்ல. தமையனைப் பார்த்துக் கனகாலம்.

சமய பேதமும் கிடையாது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் இறங்கினால் குருநகரில் கிறகோரி வீடு. இருவரும் முன்பு ஒரே கந்தோரில் வேலை பார்த்தவர்கள். அந்த நாளில் ஒருவரோடு ஒருவர் அதிகம் கதைத்ததில்லை. கிறகோரி புது வீடு கட்டி, முன்பக்கமாகவே ஒரு பாத்றூம் வைத்த பிறகுதான் நட்பு இறுகியது. "கிறகோரியும் நானும் கூடப்பிறந்த மாதிரி" என்று சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரி, ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குள் போனவர் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. வேண்டாம் என்றால் கோபம் என்று அர்த்தம். பாதி குடித்து வைத்தால் சீனி காணாதோ என்று இன்னொன்று வரும். ஆகவே கொக்குவிலில் குடித்த தேத்தண்ணிக்காகக் குருநகரில் இறங்க வேண்டும். குருநகரில் கிறகோரியின் மனைவி லவீனா ஊற்றிக் கொடுப்பதற்காக அதற்கப்பால் ஒரு வீடு தேட வேண்டும். ஒரு வீட்டில் இறக்கிய பாரத்தை அந்த வீட்டுக்காரரே திரும்ப ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு எப்படி ஐயா சொந்தம் வளராமல் இருக்கும்?

வழியில் பொது மலசலகூடம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல்? ஒரு பட்டணத்துப் பஸ் தரிப்பிடத்தில் வடிவான ஒன்று இருக்கிறது. எந்தப் பட்டணம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றப் பட்டணத்துக்காரரெல்லாம் ‘உது எங்கடையெல்லோ’ என்று சண்டைக்கு வருவார்கள். அதைத் திறந்த நாளில் குத்துவிளக்கேற்றினார்கள், நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள், பேசினார்கள். பேசியவர்களின் பெயர்கள் கதவைவிடப் பெரிய கல்லில் இருக்கின்றன. கதவில் கொளுக்கி இல்லை. உள்ளே போகிறவருக்கு மூன்று கை வேண்டும்: ஒன்று கதவைப் பிடிக்க, ஒன்று பையைப் பிடிக்க, மற்றதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. குழாயில் தண்ணீர் வராது. நிலம் முழுக்க ஈரம். அது தண்ணீர்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு காலை வைக்க வேண்டும்.

பிறகு சனம் முறைப்பாடு செய்து, அதைக் கழுவித் திருத்திக் கொளுக்கியும் போட்டார்கள். இப்போது பளிச்சென்று இருக்கிறது. வெளியே ஒரு பெரிய பூட்டும் தொங்குகிறது. அந்தப் பூட்டின் திறப்பை வைத்திருந்தவரை ஒரு நாள் சிவசுப்பிரமணியத்தார் தேடிப் பிடித்துவிட்டார்.

"தம்பி, உதைத் திறக்கிறேல்லையோ?"

"திறந்தால் சனம் போகுமெல்லோ ஐயா."

"போகத்தானே கட்டினது?"

"போனால் ஊத்தையாப் போம்."

மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அன்று எடுத்த முடிவுதான், இனி வழிப்பயணத்தில் சொந்தமே துணை என்பது.

ஆம்பிளைகளுக்காவது ஒரு பனைவடலி மறைவு, ஒரு குட்டிச்சுவர். பெண்கள் என்ன செய்வார்கள்? சிவசுப்பிரமணியத்தாரின் மனைவி குணலட்சுமி பயண நாளில் விடிந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டா. வெயில் எரித்தாலும், நா வறண்டாலும், தலை இடித்தாலும் மாட்டா. கேட்டால், "எனக்குத் தாகமில்லை" என்பா. எனக்கு இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. வாயைக் கட்டிக்கொண்டு பயணம் போகிற பெண்கள் எத்தனை பேர் ஒவ்வொரு பஸ்ஸிலும் இருக்கிறார்கள் என்று நாடா வெட்டியவர்களுக்குத் தெரியுமா? சரி, கோபத்தை விடுவோம். கதைக்கு வருகிறேன்.

சிவசுப்பிரமணியத்தாரின் பாதையில் ஓரிடத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சாவகச்சேரி. அங்கே, பெரிய தெருவோரமாக, அவருடைய சொந்தத் தங்கச்சி மகாதேவியின் வீடு. தண்ணீர்த் தாங்கி உள்ள வீடு. இருந்தும் ஆறேழு வருடமாக அவர் அந்தப் படலையைத் தொட்டதில்லை. காரணம் பெரிய காரணம்: மகாதேவி தன் மகன் சிவகரனின் கலியாணத்தை நேரில் வந்து சொல்லவில்லை, அழைப்பிதழைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டா. "வட்ஸ்அப்பிலை சொன்ன கலியாணத்துக்கு வட்ஸ்அப்பிலைதான் வருவன்" என்று சபதம் செய்து, கலியாணத்தன்று ஒரு றோசாப்பூப் படத்தை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஊரெல்லாம் சுகம் விசாரிக்கிறவர் தங்கச்சியின் சுகத்தை மட்டும் விசாரிப்பதில்லை. பஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது மற்றப் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் சோதனை வந்தது. அன்று குணலட்சுமியும் கூட. கொக்குவில் மாமி வழக்கமான தேத்தண்ணி போதாதென்று, "வெயிலுக்கு நல்லது தம்பி" என்று பெரிய செம்பில் மோரும் கொடுத்துவிட்டா. பறவாயில்லை, கிறகோரி இருக்கிறார் என்று குருநகர் போனால் படலையில் பூட்டு. வீட்டோடு எல்லாரும் மடு மாதா திருவிழாவுக்குப் போய்விட்டார்களாம். சிவசுப்பிரமணியத்தார் அந்தப் பூட்டைப் பார்த்த பார்வையை எந்த மாதாவும் மன்னித்திருப்பா. "கொடிகாமம் போகுமட்டும் தாங்கும்" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு மினிபஸ்ஸில் ஏறினார்.

தாங்குமா? மினிபஸ் சும்மா போகிற சாமானா? ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் நிற்கிறது, எடுக்கிறது, குலுங்குகிறது, "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்று நடத்துநர் கத்துகிறார். நாவற்குழிப் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். சிவசுப்பிரமணியத்தார் கண்ணை மூடிக்கொண்டார். முன் சீற்றில் இருந்தவர் போத்தல் மூடியைத் திறந்து மடக்மடக்கென்று குடிக்கத் தொடங்கினார். இவர் காதையும் பொத்திக்கொண்டார். கைதடி தாண்டுவதற்குள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

குணலட்சுமி மெதுவாகச் சொன்னா: "இஞ்சருங்கோ, சாவகச்சேரியிலை இறங்குவம்."

"எங்கை போக?"

"மச்சாள் வீட்டை."

"செத்தாலும் மாட்டன்."

"செத்தால் பறவாயில்லை. பஸ்ஸுக்குள்ளை வேறை ஏதும் நடந்தால் பிறகு ஊரிலை தலைகாட்டேலாது."

மானம் ஒரு பக்கம், மானம் மற்றப் பக்கம். தங்கச்சி வீட்டுப் படலையில் தோற்பதா, பஸ்ஸில் சனத்துக்கு முன்னால் தோற்பதா? இத்தனை வருட வைராக்கியத்தை அவர் மனதில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. "இறக்கம்! இறக்கம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சாரதியே திரும்பிப் பார்த்தார்.

படலையைத் திறந்துகொண்டு அண்ணன் ஓடி வருவதை மகாதேவி கண்டா. நடந்து அல்ல, ஓடி! பாவம், அவவுக்கு வேறு என்ன தோன்றும்? கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு வாசலை மறித்து நின்று, அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"அண்ணை! ஒரு நாளைக்கு நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை."

"ஓம் பிள்ளை, வந்திட்டன். நான் ஒருக்கா..."

"இல்லை, இருங்கோ. நான் சொல்லித்தான் ஆகவேணும். அப்ப நான் கால் முறிஞ்சு பிளாஸ்ரர் போட்டுக் கிடந்தனான். ஒரு அடி எடுத்து வைக்கேலாது. அவன் பொடியன்தான் வட்ஸ்அப்பிலை அனுப்பினவன். அண்ணை வருத்தம் பாக்க வருவார் எண்டு கிடந்தன், நீங்கள் றோசாப்பூ அனுப்பினியள்..."

கால் முறிந்த விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. உண்மையிலேயே அழுகை வந்தது. அழுதால் மற்றதும் வந்துவிடும் என்ற பயமும் வந்தது. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றபடி, யாழ்ப்பாணத்தில் எந்தத் தமையனும் எந்தத் தங்கச்சிக்கும் சொல்லியிராத வேகத்தில் சொன்னார்:

"என்ரை பிழை பிள்ளை! முழுக்க என்ரை பிழை! உன்னிலை ஒண்டுமில்லை. என்னை மன்னிச்சுக்கொள். இப்ப கையை விடு!"

மகாதேவி கையை விட்டா. மனிதர் வீட்டைச் சுற்றிப் பாய்ந்தார். அப்போதுதான் பின்னால் வந்துகொண்டிருந்த குணலட்சுமியின் குரல் கேட்டது: "இஞ்சருங்கோ, சுவிச் வெளியிலை, கதவுக்கு இடப்பக்கம்! பைப்பை முழுக்கத் திறவாதேங்கோ, சீறும்!"

சொன்ன பிறகுதான் அவவுக்கும் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டா. மச்சாளும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், மகாதேவி சிரித்துவிட்டா. தனியே மகளிடம் போய்வந்த பயணங்களிலெல்லாம் குணலட்சுமி எங்கே இறங்கினா என்று இனி நான் சொல்லவேண்டுமா? ஆம்பிளை கோபத்தை அடக்காமல் வைத்திருக்கலாம். பொம்பிளைக்கு அடக்க எவ்வளவோ இருக்கிறது.

அவர் ஆறுதலாகத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். மனைவியை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். மகாதேவி தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தா. எட்டிப் பார்த்தால் கோப்பையில் அரைவாசிதான் இருந்தது.

"என்ன பிள்ளை, சீனி முடிஞ்சுதோ?"

"சீனி கிடக்கு அண்ணை. கொடிகாமம் மட்டும் போகவேணுமெல்லோ. அதுதான் அளவாய் விட்டனான்."

சிவசுப்பிரமணியத்தாருக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளில் எந்த மாமியும், எந்தக் கிறகோரியும் இப்படி ஒரு கோப்பை தரவில்லை. அவர் அந்த அரைக் கோப்பையைக் குடித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அழுதார் என்று குணலட்சுமி சொல்லுகிறா. வேர்வை என்று அவர் சொல்லுகிறார்.

இப்போது ஊரில் கதை வேறுமாதிரி. தமையன் தானாகவே தேடிப் போய்ப் படலையடியில் மன்னிப்புக் கேட்டாராம், என்ன பெரிய மனசு என்று செத்தவீடுகளில் பேசுகிறார்கள். அவர் முன்புபோலவே தலையைக் குனிந்துகொள்கிறார். வழிவழியே நல்ல பொது மலசலகூடங்கள் வந்துவிட்டால் குடாநாட்டில் பாதிச் சொந்தம் அறுந்துபோகும் என்று என்னோடு வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அறுந்தால் அறுந்து போகட்டுமே! தெருவோரத்தில் ஒரு மகாதேவி வாய்க்காத பயணி என்ன செய்வார்? பூட்டைத் திறவுங்கள் ஐயா. ஊத்தையானால் கழுவலாம்.

அதெல்லாம் இருக்க, இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டு வாசித்த உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக எந்த வீட்டுக்கு நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் சுகம் விசாரிக்கப் போனீர்கள்? அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர் நினைவிருக்கிறதா? இல்லை, பறவாயில்லை, யோசிக்க வேண்டாம். பின்பக்கத்துச் சுவிச் எந்தப் பக்கம்?

சட்டென்று வந்துவிட்டதல்லவா? வாருங்கள், இருங்கள். நீங்களும் நமக்குச் சொந்தம்தான்.