வழுக்குமரக் கோப்பு

ஒரு வீடியோவை உலகத்திலிருந்தே இல்லாமலாக்குவதென்று சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன்.

சித்திரை விளையாட்டு விழாவில், ஐம்பத்திரண்டு வயதில், கடற்கரையில் வழுக்குமரம் ஏறினேன். நான் ஏறினேன். இடுப்பில் கட்டிய சாரம் ஏறவில்லை. உள்ளே போட்டிருந்த பூப்போட்ட கட்டைக் காற்சட்டையை அரைவாசித் திருகோணமலை பார்த்தது. மிச்சப் பேருக்காக என் மனைவி இராசமலர் படம் பிடித்தாள். கைபேசியில் இடமில்லையென்று அதைப் பென் டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தாள். அன்று பின்னேரம் கப்பல்துறையிலிருந்து அவளின் தமக்கை குடும்பம் வருகிறது. பெரிய டிவியில் போட்டுக் காட்டுவாளாம்.

அழித்தால் என்னைப் பிடிப்பாள். தானாகப் பழுதானால் யாரைப் பிடிப்பாள்? நான் கணினி திருத்துகிறவன். பழுதாக்கவும் தெரியும். பென்னில் எதையாவது எழுதவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே சடக்கென்று உருவினேன். ஏழாவது தரம் அது உயிரை விட்டது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"பென் திறக்குதில்லை, மலர். உள்ளுக்கு எல்லாம் குழம்பிப் போச்சு."

"திருத்த ஏலாதோ?"

"ஏலாது."

"சரி, விடுங்கோ."

இவ்வளவு சுலபமா என்று திரும்பினேன்.

"என்ன, பத்தாம் வகுப்புக் கணிதக் கேள்வித்தாளும் அதுக்குள்ளைதான். மூண்டு கிழமையா இருந்து அடிச்சனான். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்திலை அதிபரிட்டைக் குடுக்கோணும். வேறை பிரதியும் இல்லை."

கண் கலங்கியிருந்தாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மூன்று வார உழைப்பு. என் நெஞ்சு கேட்கவில்லை.

"ஒருக்கால் பாப்பம்," என்றேன்.

மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து chkdsk E: /f என்ற பழுதுபார்க்கும் கட்டளையைத் தட்டினேன். வெள்ளை எழுத்துகள் ஓடின. அவள் வந்து பின்னால் நின்றாள்.

"இந்தாங்கோ தேத்தண்ணி. கோப்பையைப் பிடியுங்கோ, கோப்பை மீட்டெடுங்கோ."

திரை நின்றது. தொலைந்த துண்டுகளைக் கோப்பாக மாற்றவா என்று கேட்டது. ஓம் என்றால் Y, வேண்டாம் என்றால் N.

"N அடிச்சால்?"

"துண்டெல்லாம் போயிடும்."

"அப்ப Y அடியுங்கோ. ஏன் விரல் N-க்குப் போகுது?"

அடித்தேன். வீடியோ மட்டும் சிதைந்து வரவேண்டுமென்று கோணேசரை வேண்டினேன். முடிவில் புதிய கோப்புறை ஒன்று வந்தது. அதற்குள் CHK என்று முடியும் பெயரோடு ஒரே ஒரு கோப்பு. கேள்வித்தாளாகத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை.

"கடைசியிலை mp4 எண்டு மாத்திப் பாருங்கோ," என்றாள் ஆறுதலாக.

மாற்றினேன். அலைச் சத்தம் கேட்டது. பிறகு கூட்டத்தின் விசில். பிறகு பூக்கள்.

"கேள்வித்தாள் எங்கை?"

"அது போன கிழமையே குடுத்தாச்சு. நீங்கள் பென்னை இழுத்து இழுத்துப் புடுங்கினதை யன்னலாலை பாத்தனான். வேறை என்ன சொன்னால் நீங்கள் திருத்தியிருப்பீங்கள்?"

பின்னேரம் தமக்கை குடும்பம் இரண்டு தரம் பார்த்தது. மூன்றாந்தரம் சாரம் நழுவும் இடத்தில் படம் நின்றுவிட்டது. சரிப்படுத்தச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள்.