ஆயரின் காரை மறித்த வெல்டர்

மேனாம்பேடு வட்டாரத்தில் சர்ச் சாமியார்களின் பிரசங்கத்தை வெல்டர் அளவுக்குக் கவனித்துக் கேட்டவர் எவருமில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் சாமியார்களுக்கு நடுக்கம். பூசை நடுவே எழுந்து சந்தேகம் கேட்பார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை. சொந்தப் பெயர் கோயில் பதிவேட்டோடு சரி.

பிள்ளைகளுக்குத் தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் கொடுக்க ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்று அவர் படம் போட்டு வாசலில் பெரிய பேனர் கட்டினோம். வெல்டர் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா செக்ரெட்ரி, மேய்ப்பரு இம்மாம் பெர்சா கீறாரு. ஆடு எங்க?"

கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப்பேரவையின் செயலாளரான நான் சிரித்து மழுப்பினேன். அவர் கேட்டது ஸ்டெல்லாவைப் பற்றி என்று எனக்குத் தெரியும். வெல்டரின் பக்கத்து வீட்டுப் பெண், இருபத்திரண்டு வயது, மனவளர்ச்சி குன்றியவள். உறுதிபூசுதலுக்கு ஆள் எடுக்க நாங்கள் வைக்கும் மறைக்கல்வித் தேர்வில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. பட்டியலில் அவள் பெயரை அடித்தவன் நான். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது மூன்றாவது முறை.

ஞாயிறு காலை ஆயரின் கார் வந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. கேட்டின் நடுவில் வெல்டர், ஒரு பக்கம் ஸ்டெல்லா, மறுபக்கம் அவள் அம்மா. டிரைவர் ஹாரன் அடித்தார். வெல்டர் அசையவில்லை. வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது.

"அண்ணே, மானத்த வாங்காதீங்க!" என்று ஓடினேன்.

"நீ சும்மா இரு நைனா" என்றவர், கண்ணாடியை இறக்கிய ஆயரிடம் கைகூப்பினார். "ஆண்டவரே, ஆயர்னா மேய்க்கிறவருதானே? காணாப்போன ஆட்டத் தேடிக்கினு போறவருதானே? இங்க பரீட்ச வெச்சி ஆடு எடுக்கறாங்க."

ஆயர் இறங்கினார். ஸ்டெல்லாவின் அருகில் போனார்.

"லிஸ்ட் எழுதினது யாரு?"

"நான்தான் ஆண்டவரே."

"கடைசியில ஒரு பேரு சேருங்க."

எழுதினேன்.

பூசையில் ஸ்டெல்லாவின் முறை வந்தது. அவள் ஆயர் கையில் இருந்த, முனை வளைந்த மேய்ப்புக் கோலை இறுகப் பற்றிக்கொண்டாள். விலக்க ஓடிய என்னை ஆயர் தடுத்தார்.

"புடிச்சுக்கட்டும். அவளுக்காகத்தான் இதத் தூக்கிட்டுத் திரியறேன்."

கோலை அவளிடமே விட்டுவிட்டு, நெற்றியில் தைலத்தால் சிலுவை வரைந்தார். ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். வெல்டர் ஏதாவது கேட்பார் என்று கோயிலே திரும்பிப் பார்த்தது. அவர் துண்டில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார்.

போன மாதம் வெல்டருக்கு முழங்கால் ஆபரேஷன், வீட்டில் படுத்திருக்கிறார். பூசை இப்போதெல்லாம் குறுக்குக் கேள்வி இல்லாமல் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஆனாலும் யாருக்கும் எழுந்து வீட்டுக்குப் போக மனம் வருவதில்லை.